நலம் நாடுவோம்: நஞ்சுக்கொடி விடுக்கும் எச்சரிக்கை



மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். சென்னையில் கணவர் வீட்டில் வாழும் அவருடைய மகளுக்கு இது இரண்டாவது கர்ப்பம். ஆறாம் மாதம் நடக்கிறது. முதல் பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் ஏறி, குறைமாதத்திலேயே குழந்தையை எடுக்க நேர்ந்ததாம். இம்முறை மருத்துவர் இரத்தத்திலுள்ள ஏதோ இரு புரதங்களைப் பரிசோதிக்கும்படி எழுதிக் கொடுத்துள்ளார். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகுமென்று ஆய்வகத்தில் கூறியிருக்கின்றனர். "வழக்கமான பரிசோதனைகள் போதாவா? இவை என்ன புரதங்கள்? வரப்போவதை முன்கூட்டி அறிய முயல்வது மறைவானவற்றில் தலையிடுவதாகாதா?" என்று மூன்று வினாக்களை அவர் தொடுத்துள்ளார். வழக்கம்போல் ஏழாம் மாதத்தில் மகளைத் தம் வீட்டுக்கு அழைத்துவரப் போவதாகவும் எழுதியிருக்கிறார்.

மூன்றும் கேட்கத் தகுந்த வினாக்களே. நான் மருத்துவன் அல்லன், மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். ஆயினும், இவ்விஷயத்தில் மருத்துவ உலகம் உறுதிசெய்துள்ளவற்றை எளிய முறையில் தொகுத்துரைப்பதும், மார்க்கம் நம்மீது சுமத்தியுள்ள பொறுப்பை நினைவூட்டுவதும் என்னால் இயலும். நம் வீடுகளில் உயிர்கள் போய்வரும் விஷயமாதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நோய் எது?

கருவுற்று 20 வாரங்கள் கடந்த பின்னர், அதுவரை இயல்பாக இருந்த இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவையோ அதற்கு மேலோ எட்டுகிறது. அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது, அல்லது சிறுநீரகம், கல்லீரல், மூளை, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றில் பாதிப்புத் தென்படுகிறது எனில், அந்நிலையை மருத்துவர்கள் 'பிரி-எக்லாம்ப்சியா' என்பர். தமிழில் முன்சூல்வலிப்பு எனலாம். அது முற்றி வலிப்புக் கண்டுவிட்டால் 'எக்லாம்ப்சியா'. "ஜன்னி கண்டு போய்விட்டாள்" என்று நம் பாட்டிமார் பெருமூச்செறிந்து சொன்ன மரணங்களுள் இதுவும் அடங்கும்.

உலகெங்கும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. பேறுகால மரணங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று உயர் இரத்த அழுத்தக் கோளாறுகளால் நேர்கிறது. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும், தமிழ்நாட்டில் 54 பேரும், கேரளத்தில் 19 பேரும் உயிரிழந்தனர். நாட்டின் சராசரியைவிட நாம் மேலான நிலையில் இருக்கிறோம் என்பது உண்மை. அண்டை மாநிலத்தால் எட்ட முடிந்ததை நாம் இன்னும் எட்டவில்லை என்பதும் உண்மை.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது தொடக்கத்தில் வலிப்பதில்லை. அழுத்தம் 150ஐத் தாண்டிய பெண்ணும் அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருப்பாள். கால் வீங்கினால், "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நீர் கோப்பது இயல்புதானே" என்று பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுப்பர். பாதத்தில் மட்டும் மாலையில் தோன்றிக் காலையில் வடியும் வீக்கம் பெரும்பாலும் இயல்பானதே. ஆனால் முகமும் கைகளும் திடீரென ஊதி, மோதிரம் கழலாமல் இறுகுமானால் அது வேறு.

'உப்பு' என்னும் தவறான பெயர்

"சிறுநீரில் உப்பு இருக்கிறதாம்" என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வழக்கு ஒரு பெருந்தவற்றுக்கு வழிசெய்துவிட்டது. வெளியேறுவது உப்பன்று, அல்புமின் என்னும் புரதம். சிறுநீரகத்தின் சல்லடை பழுதுபடுவதால், உடலில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. பெயரைக் கேட்டு உப்பை அடியோடு நிறுத்தி, சப்பென்ற கஞ்சியைக் கர்ப்பிணிக்குக் கொடுத்து, அவள் உண்ணாமலே மெலியும் வீடுகள் உண்டு. இந்நோய் வராமல் தடுப்பதற்கென்று உப்பைக் குறைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் அளவறிந்து நடப்பது யாவர்க்கும் நன்று. ஆனால் உப்பை விட்டோம், இனி மருத்துவரிடம் போகவேண்டியதில்லை என்று இருந்துவிடுவது ஆபத்து.

மூன்று கண்டுபிடிப்புகள்

இப்போது வாசகியின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். இந்நோயை மனிதன் அடையாளங்கண்ட வரலாறு மூன்று படிகளைக் கொண்டது. 1843ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் லீவர் என்னும் மருத்துவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் அல்புமின் இருப்பதைக் கண்டறிந்தார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். சிறுநீரும் பட்டையுமாக இவ்விரண்டைக் கொண்டே ஒரு நூற்றாண்டு காலம் மருத்துவர்கள் இந்நோயைக் கண்டுபிடித்து வந்தனர். ஆனால் அது ஏன் வருகிறதென்பது விளங்கவில்லை. தாயின் இரத்தத்தில் ஏதோ ஒரு நஞ்சு கலப்பதாகக் கருதி, 'கர்ப்ப கால நச்சு நோய்' என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் பெயரிட்டிருந்தனர். தமிழிலும் நாம் குழந்தையோடு வெளிவரும் கொடியை நஞ்சுக்கொடி என்றே அழைக்கிறோம் அல்லவா?

மூன்றாம் படியை எட்டிய ஆய்வுக்குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி ஆவார். பாஸ்டன் நகரில் அவருடைய குழுவினர், இந்நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடியில் ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதை 2003ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எஸ்எஃப்எல்டி-1 என்பது அதன் சுருக்கப் பெயர். அப்புரதத்தைச் சினையுற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றுக்கும் இரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரில் புரதம் ஒழுகியது. மறு ஆண்டே, நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்பாகவே தாயின் இரத்தத்தில் இம்மாற்றம் தொடங்கிவிடுகிறதென்றும் நிறுவப்பட்டது.

இது நடைபெறும் விதத்தைப் பயிர்த்தொழில் அறிந்த நம் பகுதியினர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடை வயல் காயும். கருவுற்ற தொடக்க மாதங்களில், கருப்பையின் சிறு இரத்தக் குழாய்கள் அகன்று நஞ்சுக்கொடிக்கு வழிவிட வேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு அகலுவதில்லை. இரத்தம் போதாமல் வாடும் நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 புரதத்தை மிகுதியாகத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணிக் காக்கும் பிஎல்ஜிஎஃப் என்னும் நல்ல புரதத்தை அது பிடித்துச் செயலற்றதாக்குகிறது. உட்சுவர் பழுதுபட்டால் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுவதும், கல்லீரல் வீங்குவதும், மூளையில் வலிப்பு எழுவதும் ஒரே வேரில் கிளைத்தவை. நஞ்சுக்கொடி வெளியேறினாலன்றி இந்நோய்க்கு முழு நிவாரணம் இல்லை என்பதன் காரணமும் இதுவே.

சோதனை எதற்குப் பயன்படும்?

மருத்துவர் எழுதிக் கொடுத்தது மேற்கூறிய இரு புரதங்களின் விகிதத்தைக் காணும் சோதனையாகும். நோய் இருக்குமோ என்னும் ஐயம் எழுந்த பெண்களிடம் 14 நாடுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்த பெண்களில், நூற்றுக்கு 99 பேருக்கு மேல் அடுத்த ஒரு வாரத்தில் நோய் வரவில்லை. 38ஐத் தாண்டியோரில் நூற்றுக்குச் சுமார் 37 பேருக்கு நான்கு வாரங்களுக்குள் வந்தது. அதாவது, குறைந்த விகிதம் நல்ல ஆறுதல். ஆனால் அவ்வாறுதல் ஒரு வாரத்துக்கு உரியது. மிகுந்த விகிதம் எச்சரிக்கை. உடனே அறுவை செய்ய வேண்டுமென்ற தீர்ப்பு அன்று. இங்கிலாந்தில் பிஎல்ஜிஎஃப் அளவை மருத்துவர்களுக்குத் தெரிவித்தபோது, நோயை உறுதிசெய்ய ஆகும் காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்ததென 2019ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகிறது. 2023இல் அமெரிக்க அரசும் இத்தகைய சோதனைக்கு ஒப்புதல் அளித்தது.

ஆகவே, முதல் கர்ப்பத்தில் இந்நோய் கண்ட பெண்ணுக்கு மருத்துவர் இச்சோதனையை எழுதியதில் வியப்பில்லை. "இதன் முடிவைக் கொண்டு சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்?" என்று அவரிடம் பணிவுடன் கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தால், வசதியுள்ளோர் தயங்காமல் செய்துகொள்ளலாம். வசதியற்றோர் நகையை அடகு வைத்துத்தான் செய்யவேண்டுமென்பதில்லை. மாதந்தோறும், கடைசி மாதங்களில் மருத்துவர் குறிக்கும் நாள்தோறும், அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்த்து வந்தால் இந்நோய் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அவ்விரு சோதனைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமே. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புரதத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவரைவிட, ஒருமுறையும் தவறாமல் பட்டை கட்டி அளந்துகொள்ளும் ஏழைப் பெண் பாதுகாப்பானவள்.

மூன்றாம் வினாவுக்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது. அல்லாஹ் படைத்த உடலில் அவனே வைத்த அடையாளத்தைப் படிப்பது மறைவை அறிவதாகாது. வடகிழக்கே மேகம் திரள்வதைக் கண்டு, ஏரிக்கரையைக் காக்க மண்மூட்டையை அடுக்குபவனை யாரும் குறை கூறுவதில்லை. நோய்க்கு மருந்தும் அவனால் இறக்கப்பட்டதே என்று கற்பித்து, சிகிச்சை செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல் என்பது நம் சிறுபிள்ளைகளும் அறிந்த பாடம்.

தடுக்க வழி உண்டா?

ஓரளவு உண்டு. முன்பு இந்நோய் கண்டவர், முன்னரே இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உடையவர், இரட்டைக் குழந்தையைச் சுமப்பவர் ஆகியோருக்கு மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தருவதுண்டு. அதனை 16 வாரங்களுக்கு முன்பே தொடங்குவது சிறப்பு. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், குறைமாதத்திலேயே வரும் கடுமையான நோய், ஆஸ்பிரின் பெறாதவரில் நூற்றுக்கு 4.3 ஆகவும், பெற்றவரில் 1.6 ஆகவும் இருந்தது. இதனை மருத்துவர் சொல்லாமல் தாமே தொடங்குவதும், அவர் சொல்லாமல் தாமே நிறுத்துவதும் கூடா.

மற்றொன்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை. பாலும் கேழ்வரகும் போதிய அளவு உண்ணாத பெண்களுக்கு இது இந்நோயைக் குறைக்கிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வுகள், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் அளவும் 1,500 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ ஈடாகப் பயன்தருவதைக் காட்டின. அரசு நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரைகள் பல வீடுகளில் அலமாரியிலேயே உறங்குகின்றன. இரும்புச் சத்து மாத்திரையையும் இதனையும் ஒரே வேளையில் விழுங்காமல், வேறு வேறு நேரங்களில் உட்கொள்ளச் செய்யுங்கள்.

ஏழாம் மாதப் பயணம்

வாசகியின் கடிதத்தில் அவர் வினாவாகக் கேளாத ஒன்றே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஏழாம் மாதத்தில் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் சமூகத்தின் அன்பான வழக்கம். ஆனால் இந்நோய் தலைதூக்கும் பருவமும் ஏறத்தாழ அதுவே. சென்னையில் பார்த்த மருத்துவர் ஒருவர். இங்கே பார்க்கப்போகிறவர் வேறொருவர். "வந்து பத்து நாள் ஓய்வெடுக்கட்டும், பெருநாள் கழியட்டும், பிறகு காட்டலாம்" என்று நாட்கள் ஓடும். சென்னையில் அவளைப் பார்த்துவந்த செவிலியர், அவள் ஊருக்குப் போய்விட்டாளென்று இருப்பார். இங்குள்ள செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாது. இவ்விடைவெளியில்தான் அழுத்தம் யாருமறியாமல் ஏறுகிறது.

ஆகவே, புடவையும் பலகாரமும் எடுத்து வைக்கும்போது, தாய்-சேய் நல அட்டையையும், பரிசோதனைச் சீட்டுகள் அனைத்தையும், மாத்திரைகளையும் ஒரே பையில் வைத்து எடுத்து வாருங்கள். வந்த வாரத்துக்குள் ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மதுராந்தகம் அரசு மருத்துவமனையிலோ காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். முன்பு இந்நோய் கண்டவளானால், பிரசவத்தைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற வசதி மிக்க இடத்தில் வைத்துக்கொள்வதைப் பற்றி முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். மதுராந்தகத்திலிருந்து அது சுமார் 25 கிலோமீட்டர். நள்ளிரவில், வலிப்பு வந்த பின்னர், அத்தொலைவு நெடுந்தொலைவாகிவிடும்.

வலிப்பு வந்துவிட்டால்

பின்வரும் குறிகளில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே, அப்பொழுதே மருத்துவமனை செல்ல வேண்டும்: தைலம் தேய்த்தும் தணியாத கடுந்தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்முன் மின்னுதல், விலா எலும்புக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சிரைப்பு, குழந்தையின் அசைவு குறைதல். மேல்வயிற்று வலியை வாயுத் தொல்லை என்று எண்ணிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

வலிப்பே வந்துவிட்டால், "ஜின்னின் சேட்டை, கண்ணேறு" என்று கூறி ஓதிப் பார்ப்பவரைத் தேடி ஆளனுப்புவோர் இன்றும் உள்ளனர். நானும் ஓதிக்கொடுப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதலில் 108க்குச் சொல்லுங்கள். 2008 முதல் அவ்வூர்தி நம் மாநிலத்தில் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது வரும்வரை பெண்ணை இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஓத வேண்டியவற்றை ஊர்தியில் உடன் அமர்ந்து ஓதுங்கள். துஆவுக்குச் சாலை தடையன்று. மருத்துவமனையில் மக்னீசியம் சல்ஃபேட் என்னும் ஊசி மருந்து காத்திருக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வு, அம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதை நிறுவியது. விலை மலிந்த மருந்துதான். நேரத்துக்குப் போய்ச் சேர்வதே அரிதாகிவிடுகிறது.

"இரவுப் பணியில் ஆண் மருத்துவர்தான் இருக்கிறார்" என்று தயங்குவோருக்கு: பெண் மருத்துவர் கிடைப்பாராயின் அவரையே நாடுவது முறை. கிடைக்காதபோது, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. உயிர் காப்பது கடமையாகும் இடத்தில் தயக்கம் பேணுதல் ஆகாது.

நோன்பும் நாற்பது நாட்களும்

ரமளான் குறுக்கிட்டால், இந்நோயுற்ற பெண் நம்பிக்கைக்குரிய மருத்துவரின் சொற்படி நோன்பை விட்டுவிடலாம். பின்னர் களா செய்வது கடமை. ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. ஷாஃபி மத்ஹபில், குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டவளுக்குக் களாவுடன் ஃபித்யாவும் உண்டு. தன் உடலுக்கும் அஞ்சி விட்டவளுக்குக் களா போதும். இந்நோயில் தாயின் உயிருக்கே அச்சம் இருப்பதால், இரு மத்ஹபுகளின்படியும் களா செய்தாலே நிறைவேறிவிடும். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைப்பதைப் பெருமையாகப் பேசும் மாமியார்கள் இதனைக் கவனிக்க.

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ண வேண்டாம். பிரசவத்துக்குப் பின்னரும், குறிப்பாக முதல் இரு நாட்களில், வலிப்பு வருவதுண்டு. சில வாரங்கள் வரை அழுத்தம் ஏறக்கூடும். நாற்பது நாட்களும் அவளை அறைக்குள் வைத்துப் பேணும் நாம், அந்நாட்களில் அழுத்தத்தை அளக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பதால், ஆண்டுக்கொரு முறையேனும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது வாழ்நாள் பழக்கமாகட்டும்.

ஆண்களுக்கு ஒரு சொல்

பிரசவத்தில் உயிர் துறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று நபிமொழிகளில் வந்துள்ளது. ஜனாஸாத் தொழுகை முடிந்து திரும்பும்போது இதனைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். அது மாண்டவளுக்கு அல்லாஹ் வழங்கும் சிறப்பு. கவனிக்கத் தவறிய நமக்கு அதில் பங்கில்லை. நீரில் மூழ்கி இறப்பவரும் அந்தப் பட்டியலில் உள்ளார். அதற்காக, மழைக்காலத்தில் நிரம்பி வழியும் மதுராந்தகம் ஏரியின் கலங்கலில் நம் பிள்ளையை விளையாட விடுவோமா?

லுக்மான் அத்தியாயத்திலும் அஹ்காஃப் அத்தியாயத்திலும் தாய் சுமக்கும் சிரமத்தை எடுத்துக்கூறி, பெற்றோருக்கு நன்றியுடன் நடக்குமாறு இறைவன் கட்டளையிடுகிறான். அச்சிரமத்தைக் குறைக்க நம்மால் ஆவதைச் செய்வது அந்நன்றியின் ஒரு பகுதி. வெளிநாட்டில் பணிபுரியும் கணவர், பணம் அனுப்பியதோடு நில்லாமல், தொலைபேசியில் பேசும்போது "இந்த மாதம் அழுத்தம் எவ்வளவு?" என்று எண்ணைக் கேட்கட்டும். மாமனாரும் தகப்பனாரும் பரிசோதனை நாளைத் தொழுகை நேரம்போல் நினைவில் வைக்கட்டும். ஜமாஅத்தார், ஊரில் எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், நள்ளிரவில் யாருடைய வண்டி கிடைக்கும் என்பதை அறிந்து வைத்திருக்கட்டும். வெள்ளி மேடையில் கதீபுகள் ஆண்டுக்கொரு முறையேனும் இதைப் பற்றிப் பேசட்டும். மனைவியும் அவள் வயிற்றிலிருக்கும் மழலையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகள். அவற்றைப் பற்றி நாளை நாம் விசாரிக்கப்படுவோம்.

கருவுற்றிருக்கும் நம் பெண்மக்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்சுகத்தையும், சுகப்பிரசவத்தையும், ஸாலிஹான சந்ததியையும் தந்தருள்வானாக! அவர்களைப் பேணும் அறிவையும் பொறுப்பையும் நமக்கு நல்குவானாக! ஆமீன்.